நாலு மாதம் தாங்கும் பிளேடு

பழைய பிளாஸ்டிக்கை அரைக்கும் அந்தப் பட்டறையில் மிஷின் ஓடத் தொடங்கினால், பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. அங்கே பதினோரு வருடமாக பிளேடு கழற்றி மாட்டுபவளை எல்லோரும் மிஷின் அக்கா என்பார்கள். கல்யாணம் ஆகவில்லை. படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டதிலேயே வயது ஓடிவிட்டது. பிறகு அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். இப்போது தம்பி வீட்டு மாடி அறை. "அண்ணி, தட்டு மூடி வச்சிருக்கேன்" என்று தம்பி மனைவி படிக்கட்டிலிருந்து குரல் கொடுப்பதோடு வீட்டுப் பேச்சு முடிந்துவிடும்.

பேச்சென்று இருந்தது சாணைக் கடையில்தான். பட்டறையில் போட்டிருந்த மட்டமான பிளேடுகள் நான்கு நாளில் மழுங்கிவிடும். மிஷினில் இருக்கிற ஐந்து பிளேடையும் கழற்றி, சாக்கில் சுற்றி, சைக்கிளில் வைத்து, இரண்டு தெரு தள்ளிப் போவாள். பிளேடு தண்ணீரில் ஆறுகிற இடைவெளியில் சாணைக்காரர், மனைவியின் மூட்டுவலியிலிருந்து மாப்பிள்ளையின் கஞ்சத்தனம் வரை அளப்பார். அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றி அவள் வாய் திறந்ததும் அங்கே மட்டும்தான்.

ஒருநாள் முதலாளி கூப்பிட்டார். "வாரத்துக்கு ரெண்டு தரம் மிஷினை நிறுத்தினா எப்படிம்மா? நல்லா உழைக்கிற பிளேடா நீயே பார்த்துச் சொல்லு."

பிளேடு வியாபாரி இரண்டு மாதிரி கொடுத்திருந்தார். முதலாளிக்கு மிகக் கடினமான இரும்பின் மேல்தான் கண். அவள் இரண்டையும் சாணைக்காரரிடம் கொண்டுபோனாள். அவர் தட்டிப் பார்த்தார், கல்லில் லேசாக உரசிப் பார்த்தார்.

"இது ரொம்ப இறுக்கம்மா. உங்க மூட்டையில உடைஞ்ச நாற்காலியெல்லாம் திருகாணியோட வருது. ஒண்ணைக் கடிச்சாலும் சில்லு சில்லா போயிடும். இன்னொண்ணு கொஞ்சம் இளக்கம். அடி தாங்கும். இதையே போடு."

"எத்தனை நாள் வரும்ணே?"

"நாலு மாசம். அதுவரைக்கும் என் மூஞ்சில முழிக்க வேணாம், நிம்மதி!"

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். சாக்கைச் சுருட்டும்போதுதான் அந்தச் சொல் உறைத்தது.

இரண்டு நாள் முதலாளியிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. கடினமானதையே சொல்லிவிட்டால் அடிக்கடி முனை உடையும், சாணைக் கடைக்குப் போகலாம். முதலாளிக்குப் பிடித்ததும் அதுதான். யாரும் அவளைக் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் உடைந்த துண்டு தெறித்தால், மிஷின் வாய்ப்பக்கம் நின்று மூட்டை கொட்டுகிற பெண்ணின் முகத்தில்தான் படும்.

மூன்றாம் நாள், "இளக்கமானதே போடலாங்க, நம்ம மூட்டைக்கு அதான் சரிப்படும்" என்றாள்.

சுழலுகிற பிளேடுக்கும் அசையாமல் நிற்கிற பிளேடுக்கும் நடுவே ஒரு காகிதம் நுழையும் அளவு இடம் விட்டு, அவளே மாட்டினாள். ஒரு மாதம் போயிற்று. நடுவில் ஆணி ஒன்றைக் கடித்தும் சின்ன வடு மட்டும்தான் விழுந்தது. முதலாளி எல்லோர் முன்னாலும் அவளைப் புகழ்ந்தார்.

ஆறாவது வாரம், சாப்பாட்டு இடைவேளையில் வெறுங்கையோடு சாணைக் கடைக்குப் போனாள்.

"பிளேடு எங்கம்மா?"

"இன்னும் மழுங்கலண்ணே. சும்மா இந்தப் பக்கம் வந்தேன்."

"அப்படியா. நல்லதுதானே."

அவர் கையைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். கையில் வேலை இல்லாமல் எங்கே ஆரம்பிப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை.

"அண்ணிக்கு மூட்டுவலி எப்படி இருக்கு?"

"அப்படியேதான்."

அதற்குள் ஒருவர் கறிக்கடைக் கத்திகளோடு வந்து நின்றார். சாணைக்காரர் கத்தியை வாங்கிக்கொண்டு கல் பக்கம் திரும்பினார்.

"வர்றேண்ணே."

"சரிம்மா" என்றார், தலை நிமிராமல்.

இடைவேளை முடிய இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அவள் ஏறி மிதிக்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தாள்.