பூசணிக்கொடி படர்ந்த வலைக்கூடு

அப்பா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு அவரைப் பற்றி எழுதும்படி அண்ணாவைத்தான் கேட்டார்கள். "நீ எழுது, உனக்குத்தான் வாய் கூட" என்று அவர் என்னிடம் தள்ளிவிட்டார். வாய் கூடத்தான். ஆகவே புகழ்ச்சியை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, எங்கள் வீட்டில் நெடுங்காலம் மூடிக்கிடந்த ஒன்றை அம்மாவின் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

அப்பா யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்தார். எண்பதுகளில் வட நோர்வேயின் பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலைக்கு வந்து, விரல் விறைக்க மீன் வெட்டினார். பின்னர் ஒஸ்லோவில் பேருந்து ஓட்டி, நகரின் தெற்கே ஹொல்ம்லியாவில் நீண்ட பின்வளவுள்ள வீடொன்றை வாங்கினார். அவருடைய பேருந்தில் மட்டையும் பையுமாக ஏறும் பேஸ்போல் விளையாட்டுக்காரர்கள், அடித்துப் பழக இடமில்லை என்று அடிக்கடி குறைப்பட்டார்கள். அடுத்த கோடையிலேயே அப்பா, பாட்ஸ்பியோர்ட் நண்பர் அனுப்பிய பழைய மீன்வலையை இரும்புக் குழாய்களில் கட்டிப் பின்வளவில், பந்து வெளியே போகாமல் அடித்துப் பழக ஒரு கூடு செய்து, அவர்களுக்கு வாடகைக்கு விட்டார். பந்து எறியும் இயந்திரத்தை அவர்கள் கொண்டுவந்தார்கள். ஊரில் கிரிக்கெட் விளையாடிய திமிர் அப்பாவுக்கு. "மட்டையை ஏன் தோளிலை வைச்சிருக்கிறாங்கள், நேராப் பிடிக்கத் தெரியாதோ" என்று கதிரையில் இருந்தபடி எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்.

அம்மாவின் கண்ணுக்கு அந்த வலை வேறாகத் தெரிந்தது. "இவ்வளவு நல்ல பந்தல் சும்மா நிக்குது" என்று வேலிப்பக்கம் பூசணி நட்டுவிட்டார். கொடி ஏறிக் கூட்டின் ஒரு பக்கத்தையே மூடியது. வேலிக்கு அப்பால் இங்கரின் வீடு. இந்த நாட்டு வழக்கப்படி அவர் தன் கைக்குழந்தையைப் பகலில் வெளியே, தள்ளுவண்டிலில் நித்திரையாக்குவார்.

ஒருநாள் காலை, பூசணிப் பிஞ்சொன்று வலைக்கண்ணில் அகப்பட்டு நசிவதைக் கண்ட அம்மா, சமையல் கத்தியால் வலையை வெட்டி அதை விடுவித்தார். அவ்விடத்தை இலைகள் மூடிக்கொண்டன. அன்று பின்னேரம் ஒருவர் ஓங்கி அடித்த பந்து பக்கவாட்டில் போய் இலைகளுக்குள் மறைந்தது. திரும்பி வரவில்லை. வேலிக்கு அப்பால் ஒரு சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை.

குழந்தை அழவில்லை. அதுதான் எங்களைக் கொன்றது. இயந்திரம் பாட்டுக்கு அடுத்த பந்தை எறிந்தது, அடிக்க ஆளில்லை. அப்பா வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடினார். நானும் அம்மாவும் பின்னால் ஓடினோம். வண்டிலின் மூடி உள்ளே நசிந்து கிடந்தது. அப்பா அதைத் தொடப் பயந்து நின்றார். வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்த இங்கர் அவரைத் தள்ளிவிட்டுப் பிள்ளையை வாரி எடுத்தார். அப்போதுதான் அது வீரிட்டு அழுதது. ஓர் அழுகையைக் கேட்டு நான் கடவுளைக் கும்பிட்டது அன்றுதான். பந்து பிள்ளையின் கால்மாட்டில், போர்வையின் மேல் கிடந்தது.

"யார் வலையை வெட்டியது?" என்று இங்கர் கேட்டார். அம்மா வெளிறிப்போய்ச் சொல்ல வாயெடுத்தார். அப்பா முந்திக்கொண்டார்.

"நான்."

அன்று மாலையே அவர் கொடியைப் பிடுங்கி, வலையைத் தைத்து, கூட்டைப் பூட்டினார். விளையாட்டுக்காரர்கள் எவ்வளவு கேட்டும் திறக்கவில்லை. இங்கர் அதன்பின் அப்பாவின் முகத்தைப் பார்ப்பதில்லை. அப்பா வணக்கம் சொல்வார். இங்கர் தலையைத் திருப்பிக்கொண்டு போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மா உண்மையைச் சொல்ல எத்தனையோ தரம் வெளிக்கிட்டார். "நான் பகல் முழுக்க பஸ்ஸிலை. நீயெல்லோ வீட்டிலை இருக்கிறனி. அவவின்ரை முகத்தை நாளாந்தம் பாக்கவேண்டியது நீ. பேசாமல் இரு" என்று அப்பா மறித்துவிட்டார். கடைசியில் நோயோடு படுத்திருந்தபோதும், பூட்டிக்கிடந்த கூட்டை யன்னலால் பார்த்துக்கொண்டே இருந்தார்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து அயலவர்க்குப் பலகாரம் கொடுக்கையில், இங்கருக்கான தட்டை அம்மா தானே எடுத்தார். நானும் கூடப் போனேன். கதவு திறந்ததும் அம்மா தனக்குத் தெரிந்த நொஷ்க் மொழியில் சொன்னார்: "வலையை வெட்டினது நான். அவர் இல்லை."

இங்கர் தட்டை வாங்கினார்.

"தெரியும். நீங்கள் வெட்டுவதைக் குசினி யன்னலால் பார்த்தேன். பார்த்த பிறகும் பிள்ளையை அங்கேதான் படுக்கவைத்தேன். என் பிழையை மறைக்கத்தான், தெரிந்துகொண்டே யார் வெட்டியது என்று கேட்டேன். உங்கள் கணவர் 'நான்' என்றபோது, அது பொய் என்று தெரிந்தும் அதைப் பிடித்துக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது."

இத்தனை காலமும் கோபம் என்று நாங்கள் நினைத்தது அந்த வெட்கத்தைத்தான்.

அப்பாவைப் பராமரித்த மருத்துவர்கள், தாதியர், சமைத்துத் தந்த உறவுகள், இறுதிச்சடங்கில் வந்து கதிரை சுமந்த விளையாட்டுக்காரர்கள், எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இதை எழுதச் சம்மதித்த இங்கருக்குத் தனியாக நன்றி. கூட்டுப் பூட்டின் திறப்பை அம்மா, மனம் ஆறும்போது திறக்கட்டும் என்று, அவரிடமே கொடுத்திருந்தார். போன கிழமை அவரே வந்து பூட்டைத் திறந்தார்.

அன்று அம்மா அப்பாவின் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் கதைப்பதுபோல் சொன்னார்: "இஞ்சேருங்கோ, நான் சொல்லிப்போட்டன். அவவும் கூட்டைத் திறந்திட்டா. இனி நீங்கள் நிம்மதியாப் படுங்கோ."