கிள்ளிப் பார்த்து நட்ட மரங்கள்

ஈப்போவுக்குப் பக்கத்தில், சிலிபினில் நாங்கள் வாங்கிய வீட்டைச் சுற்றி ஒரு புல்கூட இல்லை. ஈயம் அலசி எடுத்தபின் மிஞ்சுகிற வெள்ளை மணல்தான். நடுப்பகலில் அது உப்பளம்போல மின்னும், கண்ணைத் திறக்க விடாது. பலகைச் சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை, பின்னால் ஒரு கிணறு, பக்கத்தில் துவைகல். அவ்வளவுதான் வீடு. ஆனால் கதவைத் தாழிட்டுவிட்டு உள்ளே நின்றபோது, வெளியே யாரும் வந்து திறக்கச் சொல்ல முடியாது என்பது மெல்ல மெல்லத்தான் உறைத்தது. தோட்டத்து லயங்களில், கூலிகளின் வரிசை வீடுகளில், பதினெட்டு வருஷம் இருந்தவனுக்கு அது லேசில் உறைக்காது.

மாட்டு வண்டியிலிருந்து என் மனைவி முதலில் இறக்கியது அடுப்பையும் அல்ல, சாமி படத்தையும் அல்ல. ஒரு மண்ணெண்ணெய் டின். அதற்குள் இடுப்பு உயரத்துக்குக் கறிவேப்பிலைச் செடி. வழி நெடுக அதை இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். துவைகல்லுக்கு அருகே, தண்ணீர் வடிந்து மணல் சற்றுக் கறுத்திருந்த இடத்தில் அதைக் கொண்டுபோய் வைத்தாள்.

"மண்ணுலயே வெச்சிரலாமே" என்றேன்.

"இருக்கட்டும். டின்னுலதான் அதுக்குப் பழக்கம்."

காரணம் எனக்குத் தெரியும். சிலிம் ரிவரில் இருந்தபோது அவள் நட்ட முருங்கை முதல் பூ விட்ட வாரம்தான், எனக்கு அங்கே மூச்சு முட்டுகிறது என்று கிளம்பிவிட்டோம். ஹுத்தான் மெலிந்தாங் தென்னந்தோட்டத்தில் ஓர் எலுமிச்சை நட்டாள். அது காய்ப்பதற்குள் அந்த ஊரின் உப்புக் காற்று எனக்குப் பிடிக்காமல் போயிற்று. மூன்றாவது ஊருக்கு வந்ததும் அவள் மண்ணில் எதையும் நடவில்லை. கடைக்காரரிடம் காலி டின் ஒன்றைக் கேட்டு வாங்கினாள். என் காலில் சக்கரம் இருக்கிறதென்று ஊரார் சொல்வதுண்டு. அவள் ஒருநாளும் சொன்னதில்லை. டின் வாங்கிக்கொண்டாள், அவ்வளவே.

ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆளைக் குறைத்த காலம் அது. பால் கொட்டகையில் நிறுவைக்கு நின்றுகொண்டிருந்த நான் ஈப்போவில் ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கப் போனேன். அவளும் மரம் வெட்டுவதை விட்டாள். மரம் வெட்டுவது என்றால் எங்கள் பேச்சில் சாய்ப்பது அல்ல. ரப்பர் மரத்தின் பட்டையை மெல்லியதாகச் சீவி, வழிகிற பாலுக்குக் கீழே மங்கு என்கிற கிண்ணத்தை வைப்பது. பன்னிரண்டு வயதில் பிடித்த கத்தி. வேலையை விட்ட பிறகும் அந்தக் கத்தியைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

வீட்டைச் சுற்றி என்ன வைக்கலாம் என்பதில் எனக்குக் கனவுகள் நிறைய. வாசலில் மகிழ மரம், விடியும்போது பூ உதிர வேண்டும். கிணற்றடியில் பலா. வேலி ஓரமாக நந்தியாவட்டை, நிலவு வெளிச்சத்தில் அது வெள்ளையாய் விழித்திருக்க வேண்டும். சமையலுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தவளிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். அவள் தலை நிமிரவில்லை.

"எந்த மரம் வேணா வைங்க. பால் வடியக் கூடாது."

"எந்தப் பால்?"

"கிள்ளுனா வெள்ளையா ஒண்ணு வருமே. அது வர்ற மரம் இந்த வீட்டுல வேணாம். அதப் பாத்தா என் கை தானா மங்கத் தேடுது."

நான் அவள் கையைப் பார்த்தேன். கட்டை விரலடியில் கத்தி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன தடம், தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது.

செடி கொண்டுவர எங்களுக்கு ஓர் ஆள் கிடைத்தார். சம்பள நாளில் தோட்டம் தோட்டமாகச் சைக்கிளில் போய்த் துணி விற்கிறவர், எங்கள் தெரு முனையில் சின்னக் கடையும் வைத்திருந்தார். முஸ்லிம் என்பதால் தெருவே அவரை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடும். துணி மூட்டை காலியாகித் திரும்பும்போது கன்றுகளைச் சாக்கில் கட்டி எடுத்து வருவார். வந்ததும் என் மனைவி வாசலுக்கு வந்துவிடுவாள். இலைக் காம்பைக் கிள்ளுவாள். கிள்ளிய இடத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பாள்.

பலாக் கன்று வந்தது. கிள்ளினாள், வெள்ளையாய் ஒரு முத்து திரண்டது. திருப்பிக் கொடுத்துவிட்டாள். சிக்கு என்கிற சப்போட்டா வந்தது, அதுவும் போயிற்று. நந்தியாவட்டை போயிற்று. பப்பாளியைச் சாக்கிலிருந்து இறக்கவே விடவில்லை.

"தங்கச்சி, நீ இப்படிக் கிள்ளிக்கிட்டே இருந்தா ஒனக்கு நான் சிமெண்டுலதான் மரம் செஞ்சு தரணும்" என்றார் நானா.

"அதயும் கிள்ளித்தான் பாப்பேன் நானா."

"பலாப்பழம் திங்க மாட்டியா நீ?"

"பாசார்ல வாங்கித் திங்கிறேன். எந்த நானா வெட்டிக் குடுத்தா என்ன."

மகிழங்கன்று வந்த அன்று நானும் வாசலுக்கு வந்து நின்றிருந்தேன். அவள் கிள்ளினாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவுக்கு, ஊசி முனையில் வைத்ததுபோல ஒரு வெண்மை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு மனசு வரவில்லை என்பது தெரிந்தது. ஆனாலும் கன்றைத் திருப்பி என் கையில் கொடுத்தாள். நான் அதைத் திருப்பி அனுப்பவில்லை. சாக்கு மண்ணோடு வீட்டுக்குப் பின்னால் நிழலில் வைத்துத் தண்ணீர் மட்டும் ஊற்றி வந்தேன். அவள் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தாள்.

கடைசியில் தேறியவை மாதுளை, கொய்யா, எலுமிச்சை, மருதாணி, செம்பருத்தி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பாசாருக்குப் போயிருந்தபோது, திரும்பி வருவதற்குள் எல்லாவற்றையும் நட்டுவிடலாம் என்று இறங்கினேன். மணலைத் தோண்டி வெளியே போட்டு, தெருவில் மாடு வைத்திருந்தவர் கொட்டிலிலிருந்து சாணியும் செம்மண்ணும் கொண்டுவந்து குழிகளை நிரப்பினேன். கயிறு பிடித்தேன். முளைக்குச்சி அடித்தேன். இடுப்பு ஒடிய வேலை செய்து, நிமிர்ந்து பார்த்து, அழகாய்த்தான் இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டேன்.

அவள் கூடையை இடுப்பில் வைத்தபடி வந்து நின்றாள். பார்த்தாள். கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"என்ன?"

"நிரை போட்டுருக்கீங்க."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. செடிகள் கோடு பிடித்தாற்போல வரிசையாக, ஒரே இடைவெளியில், வரிசைக்கு வரிசை நேராக நின்றுகொண்டிருந்தன. ரப்பர் நடுவதுபோலவே. சுற்றிப் புல் பூண்டு இல்லாமல் தரையைச் சுரண்டிக்கூட வைத்திருந்தேன், தொரை வந்து பார்க்கப் போவதுபோல. வேறு விதமாக ஒரு மரத்தை மண்ணில் நிறுத்த முடியும் என்பதே என் கைக்குத் தெரியவில்லை.

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, விடியற்காலைப் பெரட்டில் கங்காணி பெயர் கூப்பிடுகிற குரலில் ஆரம்பித்தாள்.

"கொய்யா."

நானும் விடவில்லை. "வந்திருக்கேங்க."

"மாதுள."

"வந்திருக்கேங்க."

"செம்பருத்தி எங்கலா? நேத்தும் வரல."

"காய்ச்சலுங்க."

"பொய். அரப்பேரு போடு." அரைப் பேர் என்றால் அரை நாள் கூலிதான்.

வேலிக்கு அந்தப் பக்கம் நானா சைக்கிளை நிறுத்தி எங்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

மறுநாள் அந்தியில் எல்லாவற்றையும் பிடுங்கினோம். இந்த முறை கயிறு கிடையாது. அவள் வீட்டு வேலைகளைச் செய்வதுபோல நடந்தாள். நான் மண்வெட்டியோடு பின்னால் போனேன். அடுப்படியிலிருந்து கிணறு, கிணற்றிலிருந்து துவைகல், துவைகல்லிலிருந்து கொடி. கால் போகிற தடத்தில் எதுவும் வேண்டாம் என்றாள். சமையலறைப் பலகை மூன்று மணி வெயிலில் கொதிக்கிற இடத்தில் கொய்யா. வளர்ந்தால் நிழல் சுவரில் விழும். தலை வாருகிற பின்வாசலில் மாதுளை. பூவைப் பார்த்துக்கொண்டே வாரலாம். கழுவுநீர் போய்ச் சேரும் பள்ளத்தில் எலுமிச்சை. வேலி இருக்க வேண்டிய இடத்தில் மருதாணிக் குச்சிகள், நெருக்கமாக, ஆனால் கோணலாக. செம்பருத்தியை எங்கே வைப்பது என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் காய்ச்சலாச்சே. கெணத்துப் பக்கம் வைங்க, தண்ணி கிட்ட இருக்கட்டும்."

"கறிவேப்பில?"

அவள் டின்னைப் பார்த்தாள். "அது இருக்கட்டும்" என்றாள் மறுபடியும்.

மழை வந்தது. மணல் நனைந்து நிறம் மாறியது. கொய்யா முழங்கால் தாண்டியது. மாதுளை சிவப்பாய்த் தளிர் விட்டது. நான் ஈப்போவுக்கு நடந்து போய் எழுத்துகளைப் பொறுக்கிக் கோத்துவிட்டு நடந்து வந்தேன். திரும்பும்போது தூரத்துச் சுண்ணாம்புக் குன்றுகளில் மேகம் சாய்ந்து கிடக்கும். அதைப் பார்த்தால் எனக்கு உள்ளே ஏதோ அரிக்கும். குன்றுக்கு அப்பால் என்ன, அப்பாலுக்கு அப்பால் என்ன என்று.

அப்படி ஒரு நாளில்தான் நானா சேதி கொண்டு வந்தார். "தம்பி, சிலிம் ரிவர் தோட்டத்து ஆபீசுல கணக்குப் பாக்குற பெரிய கிராணி ஒன்னக் கேட்டாரு. நிறுவைக்கு ஆள் இல்லியாம். வீடும் தாராங்களாம். வாரேன்னு ஒரு வார்த்த சொல்லு, அடுத்த வாரம் போறப்ப நான் சொல்லிட்டு வாரேன்."

அந்த இடத்தின் காடும் ஆற்றுச் சத்தமும் ஒரு நொடியில் என் காதுக்குள் வந்துவிட்டன. உள்ளே போய் மனைவியிடம் சொன்னேன். போகலாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சேதியை மட்டும் சொன்னேன். ஆனால் சொன்ன குரலை அவள் பதினெட்டு வருஷமாகக் கேட்டிருக்கிறாள்.

"எப்ப வண்டி?" என்றாள். அவ்வளவுதான். எழுந்து துவைகல் பக்கம் போனாள். குனிந்து டின்னின் இரண்டு பக்கமும் கை கொடுத்துத் தூக்கினாள். டின் வரவில்லை. கொஞ்சம் அசைத்துப் பார்த்தாள். செடி ஆடியது, டின் நகரவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து அடியில் விரலை விட்டுத் தடவினாள்.

"என்ன?"

"அடி இத்துப் போச்சுங்க. வேரு உள்ள போயிருச்சு."

"எவ்வளவு?"

"என் வெரல் தண்டிக்கு இருக்கு. இது நம்மளக் கேக்கல."

எழுந்து வீட்டுக்குள் போனவள் துணியில் சுற்றிய அந்தக் கத்தியோடு வந்தாள். பிரித்து என் கையில் வைத்தாள். குரலில் கோபம் இல்லை.

"வெட்டுறதுன்னா நீங்க வெட்டுங்க. நான் வெட்டுன வரைக்கும் போதும்."

நான் கத்தியோடு உட்கார்ந்தேன். டின்னின் அடியில் வேர் தெரிந்தது. ஈரமாய், வெளிர் பழுப்பாய், ஒரு சின்ன உடம்பைப்போல. கறிவேப்பிலை வாசம் கைக்கு ஏறியது. அவள் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

கத்தி முனையை டின்னின் மேல் விளிம்பில் வைத்து, துருப்பிடித்திருந்த ஒட்டின் வழியே கீழே இழுத்தேன். தகரம் கிரீச்சிட்டது. பாதியில் சிக்கியது, கல்லால் தட்டினேன். மறுபடி இழுத்தேன். துரு செதில் செதிலாக உதிர்ந்தது. அந்தப் பக்கமும் கிழித்தேன். பட்டையை உரிப்பதுபோலத் தகரத்தை இரண்டாக விரித்து எடுத்தபோது, டின்னின் வடிவத்திலேயே சதுரமாய் மண் நின்றது. அதைச் சுற்றி வேர்கள் சுற்றிச் சுற்றி ஓடியிருந்தன, இடம் தேடித் தேடி.

அவள் குனிந்து கத்தியை வாங்கிப் பார்த்தாள். வாய் முழுக்கப் பல் பல்லாக உடைந்திருந்தது.

"கத்தி போச்சு" என்றாள்.

"போவட்டும்."

இரண்டு கை நிறைய மண் அள்ளி அந்தச் சதுரத்தைச் சுற்றி அணைத்தாள். நானும் அள்ளினேன். நானாவிடம் என்ன சொல்வது என்று அவள் கேட்கவில்லை. நானும் அவரிடம் ‘நான் வரல’ என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அச்சுக்கூடத்துக்குக் கிளம்பியபோது, வீட்டுக்குப் பின்னாலிருந்து அவள் மகிழங்கன்றைச் சாக்கோடு தூக்கிக்கொண்டு வந்தாள். வாசலுக்கு வலது பக்கம் காலால் ஓர் இடத்தைக் காட்டினாள்.

"இங்க தோண்டிட்டுப் போங்க."

"அதுல பால் இருக்கே" என்றேன்.

"இருந்தா இருக்கட்டும். இங்க யாரு மங்கு வெக்கப் போறா."