கிள்ளிய துரும்பு

மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில், சுங்கை பட்டாணி கோர்ட்டில் நான் மொழிபெயர்ப்பாளன். அங்கே ஒரு வழக்குக்கு வந்துபோன பால்மரத் தொழிலாளிப் பெண், ரப்பர் எஸ்டேட்காரி, சாக்குத் துணியில் ரவிக்கை தைத்துப் போட்டிருப்பாள். பெஞ்சில் உட்காரவே மாட்டாள். சுவரில் முதுகை ஒட்டி, வாசலைப் பார்த்தே நிற்பாள்.

எஸ்டேட் வழக்கப்படி, கங்காணி முன்னால் துரும்பு கிள்ளிப் போட்டுப் புருஷனைப் பிரிந்தவள். அதன் பிறகு ஒருநாள் அவன் கதவை உடைத்துப் புகுந்து அவளைப் பலவந்தம் செய்தான். ஐந்து வருஷம் சிறை கிடைத்தது. அப்பீல் செய்தான்.

“துரும்பு கிள்ளினால் விவாகரத்தாகாது. அவன் இன்னும் புருஷன்தான்; புருஷன் செய்தால் அது பலவந்தக் குற்றமாகாது. கதவை உடைத்ததற்கு ஆறு மாதம் போதும்” என்றார் நீதிபதி.

அவளிடம் தமிழில் சொன்னேன்.

“ஊரே பாக்கக் கிள்ளுன துரும்ப இவரு எப்படிங்கய்யா ஒட்டவச்சாரு?” என்று கேட்டாள்.

அப்படியே நீதிபதியிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த கேஸைக் கூப்பிடச் சொன்னார்.

அவள் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.