மூடுபனி விடுதிக்குத் தமிழ்க் குரல்

எருமப்பட்டி அறிவுச்செல்வி, கல்லூரியில் ஜப்பானிய மொழி படித்தது வேலைக்காகத்தான். பொறியியல் முடித்ததும் ஒசாகா பக்கம் ஏதாவது தொழிற்சாலையில் சேர்ந்துவிடலாம் என்று தோழிகளோடு உட்கார்ந்து உருப்போட்டாள். தேர்விலும் தேறினாள். கிளம்ப வேண்டிய வருடத்தில் அப்பா கைலாசத்துக்குப் பக்கவாதம் வந்தது. படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தார். அம்மா சாரதாமணியைத் தனியே விட மனமில்லாமல் செல்வி நாமக்கல்லில் ஒரு முட்டை வியாபார அலுவலகத்தில் கணினி வேலைக்குச் சேர்ந்தாள். எந்தப் பண்ணை முட்டை எந்த லாரியில் கேரளாவுக்குப் போகிறது என்று பதிவதற்கு ஜப்பானிய மொழி தேவைப்படவில்லை.

படித்தது மறந்துவிடக் கூடாதே என்றுதான் ஜப்பானிய மொழியில் ஒரு கணினிக் கதை விளையாட்டை வாங்கினாள். திரையில் படம் வரும், கீழே வசனம் ஓடும், நடுநடுவே நாம் ஒரு வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கேற்பக் கதை திரும்பும். ஜப்பானில் நான்கைந்து பேர் சேர்ந்து செய்தது. மலைமேல் ஒரு பெண்கள் விடுதி. பனி இறங்கும்போதெல்லாம் ஒருத்தி காணாமல் போவாள். விடிந்தால் அப்படி ஒருத்தி இருந்ததே யாருக்கும் நினைவிருக்காது; அவள் கட்டில்கூட அங்கே இருக்காது. நாவோ என்ற பெண்ணுக்கு மட்டும் எல்லாரையும் நினைவிருக்கிறது. அவள் தன்னைவிட மூத்த மாணவி சுசுனோவை நேசிக்கிறாள். பனி அடுத்துத் தேடி வருவது சுசுனோவை.

செல்வி பயந்தாள், பிறகு அழுதாள். ஒரு பெண் இன்னொரு பெண்ணை நேசிப்பதை யாரோ கேலி இல்லாமல், அசிங்கப்படுத்தாமல் எழுதியிருந்தார்கள். பள்ளிக் காலத்திலிருந்து தனக்குள் பெயரில்லாமல் கிடந்தது இதுதான் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. விளையாட்டைச் செய்தவர்களுக்கு எழுதி, தமிழில் இலவசமாகக் கொண்டுவர அனுமதி கேட்டாள். தாராளமாகச் செய்யுங்கள் என்று பதில் வந்தது.

வசனங்களுக்குக் குரல் கொடுக்க ஆள் தேடியபோது கிடைத்தவள் ஓமலூர் கௌசியா. ஜவுளிக்கடை விளம்பரங்களுக்குக் குரல் கொடுப்பவள். ஞாயிறுதோறும் பஸ் ஏறி எருமப்பட்டிக்கு வந்தாள். சுவரெல்லாம் போர்வை தொங்கவிட்ட அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, இருவரும் வியர்த்து வழியப் பதிவு செய்தார்கள். கௌசியா நாவோ, செல்வி சுசுனோ. வெளியே வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்த சாரதாமணி பட்டப்பகலிலேயே மாட்டுக்கொட்டகைக்குத் தனியாகப் போக மறுத்தார்.

"அந்தப் பனிப் பிசாசை ஊட்டுக்குள்ள கூட்டியாந்துட்டீங்களே சாமி" என்று புலம்பினாலும், அடுத்த வாரம் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஒரு வசனம் மட்டும் செல்விக்குப் படியவில்லை. கதை முழுக்கச் சுசுனோவிடம் மரியாதையாகவே பேசும் நாவோ, பனி அவளை இழுக்கும்போது முதல்முறையாக அந்த மரியாதையை விட்டுவிடுகிறாள். செல்வியும் கௌசியாவும்கூட அதுவரை வாங்க போங்கதான். எழுதி எழுதி அடித்த செல்வி, "நீங்களே எப்படி வருதோ அப்படிச் சொல்லுங்க" என்று விட்டுவிட்டாள்.

கௌசியா கண்ணை மூடினாள். "போகாத. நீ போனா நான் யாரை நெனச்சுக்கிட்டு இருப்பேன், செல்வி?"

பெயர் மாறிப்போனதை இருவரும் திருத்தவில்லை. செல்வி கௌசியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வெங்காயம் உரிக்கும் சத்தம் நின்றிருந்தது.

அடுத்த நாட்களில் சாரதாமணி மகளிடம் அதிகம் பேசவில்லை. சனிக்கிழமை மத்தியானம் துணி மடித்துக்கொண்டே கேட்டார்.

"அந்த ரெண்டு புள்ளைங்களும் கடைசில பொழைக்குதுங்களா?"

"நாலு முடிவு இருக்குதும்மா. ஒண்ணுல மட்டும் பொழைப்பாங்க."

"ஊரு ஒத்துக்குமா அதுங்களை?"

"அதைக் கதையில சொல்லல."

சாரதாமணி ஒரு சேலையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். "எனக்கு இதெல்லாம் வெளங்கல சாமி. பயமாத்தான் இருக்குது. ஆனா உங்கப்பா போனதுக்கப்புறம் நீ சிரிச்சு நான் இப்பத்தான் பாக்குறேன். கௌசியா நாளைக்கு வரட்டும். பக்கத்து ஊட்ல கேட்டா நான் பேசிக்கறேன்."

செல்வி அம்மாவின் மடியில் இருந்த துணிகளின்மேலேயே தலையை வைத்துக்கொண்டாள்.

இருவரும் பிழைக்கிற முடிவில், விடுதிச் சமையற்காரி பேசும் ஒரே ஒரு வசனம் இருந்தது. அதற்கு யாருமில்லை என்று கௌசியா சொல்ல, சாரதாமணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். ஒலிவாங்கியைப் பார்க்காமல் மகளையும் கௌசியாவையும் பார்த்துச் சொன்னார்: "ரெண்டு பேரும் சாப்புட வாங்க சாமி."

ஒரே முறைதான் பதிவு செய்தார்கள்.

தைக்குப் பிறகு விளையாட்டு வெளியானது. வாழப்பாடியிலிருந்து முகம் தெரியாத ஒரு பெண், பயந்துகொண்டே விளையாடியதாகவும், தன்னைப் போல் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்து நிம்மதியாகத் தூங்கியதாகவும் எழுதினாள். செல்வி அதை ஜப்பானிய மொழியில் மாற்றி, தன் நன்றியையும் சேர்த்து அந்த நான்கைந்து பேருக்கு அனுப்பினாள். கௌசியா தன் அம்மா மதீனா பீவியிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் வரும்போது செல்வியும் கூடப் போவதாக இருக்கிறாள். இப்போதைக்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில் எருமப்பட்டி பஸ் நிறுத்தத்துக்குச் சாரதாமணியே போய் அவளை அழைத்துவருகிறார்.