படத்துக்கு வெளியே மதலேனா அக்கா

"ஊர்ச்சனம் முழுக்கப் படத்துக்குள்ளை. நான் ஒருத்திதான் வெளியிலை."

மதலேனா அக்கா இதைச் சொல்லாத நாள் இல்லை. கிணற்றடியில் சொன்னார், சங்கக்கடை வரிசையில் சொன்னார், பூசை முடித்து வந்த பாதரிடமும் சொன்னார். "ஊர்ச்சனம்" என்பதை நீட்டி இழுப்பார். "ஒருத்திதான்" என்பதில் பட்டென்று வெட்டுவார். முல்லைத்தீவுக் கடற்கரையில் வள்ளத்தில் நிற்பவர்களைக் கரையிலிருந்து கூப்பிட்டுப் பழகிய குரல் அது. இடம்பெயர்ந்து துணுக்காய்க் காட்டுப் பக்கம் வந்த பிறகும் சத்தம் குறையவில்லை.

அவருடைய புருசன் சூசைப்பிள்ளை படம் பிடிக்கிறவர். கமராவை எண்பத்தொன்பதில் ஜேர்மனியிலிருந்து தமையன் அனுப்பியிருந்தார். கூட வந்தது ஒரேயொரு லென்ஸ். இருபத்துநாலு மில்லிமீற்றர், குட்டையான அகலக்கண். சின்ன அறையின் மூலையில் நின்றாலே மூன்று சுவரையும் அள்ளிவிடும். எஃப் இரண்டு வரை திறக்கும் என்பதால் மங்கல் வெளிச்சமும் அதற்குக் காணும். பற்றரி வன்னிக்குள் வரவே கூடாது என்று அரசாங்கம் தடை போட்டிருந்த காலம். பிளாஷ் அலுமாரிக்குள் செத்துக் கிடந்தது. ஓலைக்கொட்டிலுக்குள் நடக்கிற கலியாணத்தையும் செத்தவீட்டையும் பிளாஷ் இல்லாமல் எடுக்க, அந்தப் பகுதியில் அந்த லென்ஸை விட்டால் வேறு வழி இல்லை.

ஆனாலும் கதவால் வருகிற வெளிச்சத்தை ஆட்களின் முகத்துக்குத் திருப்ப ஒருவர் வேண்டும். அதுதான் மதலேனா அக்கா. வெள்ளைப் படுக்கைவிரிப்பை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். விரிப்பு முகத்தை மறைத்துவிடும். வாயை மறைக்காது.

"மதலேனா, கை படத்துக்குள்ளை வருது!" சூசை அண்ணையின் குரல் பாதி மூக்கால், பாதி தொண்டையால் வரும்.

"கையை வெட்டிப்போட்டோ நிக்கிறது?"

"அரை அடி தள்ளு."

"இனித் தள்ளினால் குசினிக்குள்ளைதான் போகவேணும். அங்கையிருந்து பிடிக்கட்டோ?"

மாப்பிள்ளை சிரித்துவிடுவார். சூசை அண்ணை கமராவை இறக்கிவிட்டு, ஓரத்தில் நிற்கிற பெருத்த மனிதரைப் பார்ப்பார்.

"கனகலிங்கமண்ணை, நடுவுக்கு வாங்கோ. இந்த லென்ஸ் ஓரத்திலை நிக்கிற ஆக்களை இழுத்துப்போடும்."

"எவ்வளவுக்கு இழுக்கும்?"

"ரெண்டு ஆளாய் வருவியள்."

"அப்ப என்ரை மனிசியை அங்கை விடும் தம்பி. தனக்கு உடம்பு பிடிக்குதில்லை எண்டு ஒரே கவலை."

இத்தனை கூத்துக்கும் பிறகு படத்தைக் கழுவிப் பார்த்தால் ஓரத்தில் நாலு விரல் நிற்கும், அல்லது ஒரு முழங்கை. சூசை அண்ணை அந்தக் கீற்றைப் பிளேட்டால் அறுத்து எறிவார். அந்தக் கீற்றுகளை வைத்து மதலேனா அக்கா அடுப்பு மூட்டுவார்.

அவருக்குப் படம் வேண்டியிருந்தது ஆசைக்காக அல்ல. தொண்ணூறாம் ஆண்டு, முல்லைத்தீவில் செல் குண்டு விழத் தொடங்கியபோது, மூன்று வயது மகள் டிலுசாவை மாமி கலிஸ்ராவோடு இந்தியாவுக்குப் படகேற்றினார்கள். தாய் தகப்பனுக்குப் படகில் இடம் இல்லை. அடுத்ததில் வருவோம் என்றார்கள். அந்த அடுத்த படகு வரவேயில்லை. பிள்ளை மண்டபம் அகதி முகாமில் வளர்ந்தது. முல்லைத்தீவை விட்டு வந்து கிளிநொச்சியில் போட்டிருந்த ஸ்ரூடியோவையும் தொண்ணூற்றாறில் விட்டு ஓடியபோது, அக்கா கலியாணப் படமும் அடையாள அட்டைகளும் இருந்த தகரப்பெட்டியை விட்டுவிட்டு, கமராப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். வழியெல்லாம் சூசை அண்ணை புறுபுறுத்தார். "கலியாணப் படத்தைக் கரைச்சே குடிக்கிறது?" என்று கேட்டு அவரை அடக்கினார் அக்கா.

அடுத்த வருடம் ஒரு பாதரின் கையில் மகளின் கடிதம் வந்தது. பத்து வயதுப் பிள்ளையின் உருண்டை எழுத்து. 'அம்மா, உங்கட முகம் எனக்கு ஞாபகம் இல்லை. மாமியைக் கேட்டால், கண்ணாடியில் உன்ர முகத்தைப் பார், அதுதான் எண்டு சொல்லுறா. பார்த்தால் நான்தான் தெரியிறன். ஒரு படம் அனுப்புங்கோ.'

அக்கா அந்தக் கடிதத்தை வாசித்தது உரத்த குரலில் அல்ல. அதன் பிறகுதான் தொடங்கினார்.

"இஞ்சேரப்பா, ஒரு படம். முகம் மட்டும்."

"இந்த லென்சிலையோ? விசரே! முகத்தை நிரப்பிறதெண்டால் ஒரு சாண் கிட்டக் கொண்டுவரவேணும். மூக்கு கத்தரிக்காய் மாதிரி வரும். காது ரெண்டும் பின்னாலை ஓடிப்போகும். ஏழு வரியத்துக்குப் பிறகு பிள்ளை பாக்கிற முகம் அதுவோ?"

"அப்பத் தள்ளி நிண்டு எடுங்கோவன்."

"தள்ளி நிண்டால் புளியங்கொட்டையளவு."

"கிட்ட வந்தால் கத்தரிக்காய், தள்ளிப் போனால் புளியங்கொட்டை. என்னைக் கட்டினனியளோ, கறிக்குச் சாமான் வாங்கினனியளோ?"

"அண்ணன் முகம் எடுக்கிற எண்பத்தஞ்சு லென்ஸ் அனுப்பிப்போட்டான். அது வரட்டும், வடிவா எடுப்பம்."

அவர் சாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த மனுசனுக்கு மதலேனா அக்காவின் முகம் வடிவாக மட்டுமே வரவேண்டும். லென்ஸ் கொழும்புக்கு வந்தது. வவுனியாவுக்கும் வந்தது. அதற்கு இங்கால் வரவில்லை.

இரண்டாவது கடிதம் வந்த பிறகு சூசை அண்ணை இறங்கிவந்தார். கையிலிருந்த கடைசிப் பிலிமில் ஒரேயொரு படம் மிச்சம். இடுப்புக்கு மேல் எடுப்போம், முகத்தை நட்ட நடுவில் வைத்தால் இழுக்காது என்று கணக்குப் பார்த்தார். அக்கா நீலச் சேலை கட்டி, தலைவாரி, கதவுக்கு நேரே கதிரையில் இருந்தார். அந்த நேரம் படலையில் சிவனேஸ்வரி வந்து நின்றாள். நாலாவது கொட்டிலில் இருக்கிறவள். அவளின் எட்டு மாதப் பிள்ளை காய்ச்சலில் விடியப் போய்விட்டது.

"அண்ணை, ஒரு படமும் இல்லை. மறந்துபோயிடுவன் அண்ணை."

சூசை அண்ணை கமராவையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா கதிரையை விட்டு எழும்பிப் படுக்கைவிரிப்பை உருவி எடுத்தார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? கமராவைத் தூக்குங்கோ. நான் இஞ்சைதானே இருக்கிறன்."

அந்தப் படத்தில் பிள்ளை நித்திரை போலக் கிடந்தது. இடது ஓரத்தில் நாலு விரலும் நீலச் சேலைக் கரையும். அன்றைக்கு ஓரத்தை அறுக்க எடுத்த பிளேட்டை சூசை அண்ணை திரும்ப வைத்துவிட்டார்.

மாரி வந்தது. மலேரியாவும் வந்தது. மருந்து வரவில்லை. தொண்ணூற்றெட்டு தை மாதம் மதலேனா அக்கா படுத்தார். பத்து நாளில் உடம்பு பாதியானது. காய்ச்சல் விட்ட நேரங்களில் மட்டும் பழைய குரல் வரும். சத்தம் குறைவு, வாய் குறைவில்லை.

"உப்பிடிப் பாக்காதையுங்கோ. செத்தவீட்டுக்குக் கமரா கொண்டுபோற ஆள் மாதிரி இருக்கு."

பதினோராம் நாள் புதுப் பிலிம் ஒன்று கிடைத்தது. சவர்க்காரப் பெட்டிக்குள் ஒளித்து வந்தது. சூசை அண்ணை அதை ஓடிவந்து போட்டார். காலை நேரம். அக்காவைத் தலையணையில் சாய்த்து, முகம் துடைத்து, முழங்காலில் நின்று கமராவைத் தூக்கினார். கண்ணுக்கடியில் இருட்டு. கன்னத்தில் இருட்டு. லென்ஸ் முழுக்கத் திறந்திருந்தும் முகத்தின் ஒரு பக்கம் கறுப்பாகவே நின்றது. அக்கா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கமராவுக்குள்ளால் அப்படி நேரே பார்க்கிற அவரை சூசை அண்ணை அதற்கு முதல் கண்டதில்லை.

"கொஞ்சம் பொறு," என்றார். "வெளிச்சம் காணாது. கயிறு கட்டி விரிப்பைத் தூக்கிவிட்டு வாறன்."

அக்கா ஏதோ சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே வெளியே போனார். கயிறு தேடி, இரண்டு கப்புக் கம்பு நட்டு, விரிப்பைக் கட்டி, அது காற்றில் ஆடாமல் கல் தொங்கவிட்டு உள்ளே வர கால் மணித்தியாலம் ஆகியிருக்கும். வெளிச்சம் வடிவாக விழுந்திருந்தது, கன்னத்தில், நெற்றியில், மூக்கில். கண் பாதி மூடி, வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கூப்பிட்டார். அக்கா திரும்பவில்லை. அந்த முகத்தைப் பிள்ளைக்கு அனுப்ப ஏலாது என்று கமராவை நிலத்தில் வைத்தார். உழவு மெசினில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் மூச்சு நின்றது.

மண்டபம் முகாமுக்கு ஒரு படம் போனது. சிவனேஸ்வரியின் பிள்ளையை எடுத்த, அந்த அறுக்காத படம். அதில் பிள்ளை கிடந்த பக்கத்தை சிவனேஸ்வரியிடம் கேட்டு மறைத்துவிட்டு, ஓரத்தை மட்டும் பெருப்பித்து அனுப்பினார். பின்பக்கத்தில், 'இது அம்மாவின் கை' என்று எழுதியிருந்தார். பதில் கடிதம் வந்தது. அதை அவர் ஒருவருக்கும் காட்டவில்லை.

சூசை அண்ணை அதன் பிறகும் படம் எடுத்தார். விரிப்பு பிடிக்க ஒருவரையும் சேர்க்கவில்லை, கம்பில் கட்டிவிடுவார். ஏன் அந்த நேரம் பொத்தானை அமத்தி ஒரு படம் எடுக்கவில்லை என்று கேட்கத் துணிந்தவர்கள் இரண்டொருவர்தான். அவர் காரணம் சொல்லுவதில்லை. வெளியே போக எழும்பியபோது மதலேனா அக்கா என்ன சொன்னார் என்பதை மட்டும் ஒரு சொல் குறையாமல், அக்காவின் இழுப்போடும் வெட்டோடும் சொல்லுவார்:

"வெளிச்சம் பிடிக்கிற ஆள் இஞ்சை படுத்துக் கிடக்கிறன், நீங்கள் வெளியிலை ஆரைத் தேடிப் போறியள்? கறுப்பாய் வந்தாலும் வரட்டும், கத்தரிக்காயாய் வந்தாலும் வரட்டும், பிள்ளை வடிவு பாக்கவே கேட்டவள்? அமத்துங்கோ அப்பா, நான் முழிச்சுக்கொண்டிருக்கிறன்."