மடியில் தராத டப்பா

தொண்ணூறுகளின் நடுவில், தச்சநல்லூர் போகும் டவுன் பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். ஒடிசலான ஆள், தடித்த கண்ணாடி. நிற்பவர்கள் சாமான்களை உட்கார்ந்திருப்பவர் மடியில் கொடுத்துவிடுவது எங்கள் ஊர் வழக்கம். உட்கார்ந்திருந்த நான் கை நீட்டியும் இவர் தன் டப்பாவைத் தரவில்லை. அதன் மூடியில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே நின்றார். புளித்த வாடை வேறு வந்தது.

"உள்ள என்னவே, கள்ளா?"

"ஈஸ்ட் அண்ணாச்சி. ரொட்டிக்குப் போடுவாங்கல்லா, அதான். ஆராய்ச்சிக்குக் கொண்டு போறேன்."

"இதுல என்ன ஆராய்ச்சி?"

"ஒரு செல்லு ரெண்டாகும்போது டி.என்.ஏ.வை நகல் எடுக்கும். அதுல விழுத தப்பைத் திருத்த ஒரு ஜீன் உண்டு. இதுல அந்த ஜீனை எடுத்துட்டோம்."

"திருத்துதவனை எதுக்குவே எடுத்தீரு?"

"அவன் என்னென்ன வேலை பாத்தான்னு அவன் இல்லாதப்பதான தெரியும்."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். ஒரு மாத விடுப்பு கேட்டதற்கு, முதலாளி அன்றுதான் சிரித்துக்கொண்டே சரி என்றிருந்தார். டப்பாமேல் இருந்த சந்தேகம் அந்தச் சிரிப்பின்மேல் திரும்பியது: நான் இல்லாமலே வேலை ஓடுமா என்று பார்க்கத்தான் சரி என்றாரோ? அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, அச்சகத்துக்கே திரும்பி நடந்தேன்.