இருபத்தொரு தேங்காய்

லிஃப்டில் யாராவது எங்களைப் பார்த்துச் சிரித்தால் போதும், நான் ஆரம்பித்துவிடுவேன். "இது ஒண்ணும் திங்காதுங்க. காத்தைக் குடிச்சே வளருது." நான்கு வயது மகள் என் துப்பட்டாவைப் பிடித்தபடி, அண்ணாந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பாள். திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் எங்கள் குடியிருப்பு பதினோரு மாடி. அவள் சாப்பிடாத பிள்ளை என்பது பதினோரு மாடிக்கும் தெரியும். உபயம், நான்தான்.

எனக்கு வாய் நீளம், பொறுமை கம்மி. எட்டு மணிக்கு ஆபீஸ் வண்டி கீழே வந்து நிற்கும். அதற்குள் அவள் வயிற்றுக்குள் இரண்டு இட்லி போயாக வேண்டும். "வாயைத் தொறட்டி. இன்னும் ரெண்டே வாய். தின்னா பிஸ்கட்டு. திங்கலேன்னா போலீஸ் மாமாட்ட பிடிச்சுக் குடுத்திருவேன்." எடை சரியாகத்தான் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். தினமும் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுவது அவரா, நானா என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் போய் நின்றேன். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, மனசுக்குள் சொல்லாமல் வாய்விட்டே வேண்டினேன். "இவளைச் சாப்பிடுற பிள்ளையா ஆக்கு. இருபத்தொரு தேங்காய் உடைக்கேன்." நினைத்தது நடந்த பிறகுதானே நேர்ந்ததைச் செலுத்துவோம். அன்று ஒரு தேங்காய்கூட வாங்கவில்லை. ஆட்டோவில் அவள், "எப்பம்மா உடைப்போம்?" என்று கேட்டாள். "பிள்ளையார் உன்னைச் சரியாக்கட்டும், அப்புறம் உடைப்போம்" என்றேன்.

அதற்குப் பிறகு நிலைமை இன்னும் மோசமானது. என் ஆபீஸ் பக்கத்துக் குழந்தைகள் காப்பகத்தில் மத்தியானம் ஓரளவு சாப்பிடுவாள். அதையும் நிறுத்திவிட்டாள். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், அங்கே சோறு பரிமாறும் அக்கா என்னைத் தனியே கூப்பிட்டார். வித்துராப் பக்கம் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர், தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவார்.

"ஒரு காரியம் சொல்லட்டா, தப்பா எடுக்கண்டா. இன்னிக்குக் கஞ்சியும் பயறும். மோளுக்கு இஷ்டம். கரண்டிய வாய் வரைக்கும் கொண்டு போனா, பின்னே திருப்பி வச்சா. என்ன மோளேன்னு கேட்டேன். 'நான் சாப்பிடாத பிள்ளை. பிள்ளையார் இன்னும் சரியாக்கல, தேங்கா இன்னும் உடைக்கலைல்ல'ன்னு சொல்லுறா."

மகளின் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றேன். பாவி, என்ன காரியம் செய்து வைத்திருக்கிறேன். தேங்காய் உடைக்க நான் அவளுக்காகக் காத்திருந்தேன். சாப்பிட அவள் தேங்காய்க்காகக் காத்திருந்தாள். நடுவில் என் பிள்ளை பட்டினி கிடந்திருக்கிறாள்.

"அவ நல்லதுக்குத்தானே அக்கா..." என்று இழுத்தேன்.

"அதே, நல்லதுக்குத்தான். ஆனா நாம என்ன பேரு விளிக்கிறோமோ, அதாகத்தான் பிள்ளைங்க நிக்கும். நான் இங்க தின்னு தின்னுன்னு பறயமாட்டேன். கரண்டிய அவங்க கையில குடுப்பேன். எத்தர வேணும்னு கேப்பேன். பயறு இன்னிக்கு நல்லா வெந்திருக்கு, வாசம் பாருன்னு சொல்லுவேன். போதும்னா, வயிறு சொல்லிடுச்சா, சரின்னு விட்டுருவேன். அத்தரயே உள்ளு, அவ்வளவுதான்."

ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை அந்த அக்கா. சொல்லியிருந்தால் நான் சண்டைக்குத்தான் போயிருப்பேன், என் சுபாவம் அப்படி. அவருக்கு நான் பட்டிருக்கும் கடன் இந்த ஜென்மத்தில் தீராது.

மறுநாள் ராத்திரி கரண்டியை மகள் கையில் கொடுத்தேன். மூன்றே மூன்று துண்டு பீன்ஸ் எடுத்துக்கொண்டாள். 'இவ்வளவுதானா' என்பது தொண்டை வரை வந்தது, தண்ணீரைக் குடித்து விழுங்கினேன். "பீன்ஸ் எப்படிப் பச்சைப் பசேல்னு இருக்கு, கடிச்சா சத்தம் வருது" என்றேன். "யார்ட்ட பேசுத, பீன்ஸ்கிட்டயா?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். மகள் ஒன்றைக் கடித்து, சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டாள். மற்ற இரண்டும் தட்டிலேயே கிடந்தன. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, எதுவும் நடப்பதற்கு முன்பே, பழவங்காடிக் கோயில் வாசலில் இருபத்தொரு தேங்காய் வாங்கினேன். அவளுக்குக் கேட்கும்படி மறுபடியும் வாய்விட்டுச் சொன்னேன். "பிள்ளையாரே, அன்னிக்குத் தப்பாச் சொல்லிட்டேன். எம்பொண்ணு நல்லாத்தான் இருக்கா. அதுக்கு நன்றி சொல்ல வந்தோம்."

இருபதை நான் உடைத்தேன். கடைசித் தேங்காயை அவள் இரண்டு கையாலும் தூக்கிப் போட்டாள். அது உடையாமல் உருண்டு வந்தது. இரண்டாவது தடவை உடைந்தது.

"இப்ப நான் சரியாயிட்டேனா?"

"நீ எப்பவும் சரியாத்தான் இருந்தே. அம்மாதான் சரியா இல்ல."

பூக்கடைகளைத் தாண்டி ஆட்டோ பிடிக்க நடந்துகொண்டிருந்தோம். அவள் என் துப்பட்டாவை இழுத்தாள்.

"அம்மா, பசிக்குது."

நடுரோட்டில் நின்றுவிட்டேன். பேசத் தெரிந்த நாளிலிருந்து அவள் வாயால் அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. அதைச் சொல்ல நான் அவளுக்கு நேரமே கொடுத்ததில்லை.